காய்ந்துபோன செங்காந்தள் கொடி: கிழங்கு உறங்குகிறதா, அழுகிவிட்டதா?

சென்னையில் மாடித்தோட்டம் வைத்திருக்கும் ஒருவர் கேட்டிருக்கிறார்: "போன ஆடியில் ஒரு செங்காந்தள் கிழங்கு வாங்கிப் பையில் நட்டேன். ஐப்பசியில் ஏழு பூ பூத்தது. பொங்கலுக்குள் கொடி முழுக்கக் காய்ந்துவிட்டது. ஒரு மாதமாகத் தினமும் தண்ணீர் ஊற்றுகிறேன், ஒரு துளிர்கூட வரவில்லை. என்ன தப்பு செய்தேன்? வீட்டில் மூன்று வயதுப் பையன் இருக்கிறான். விஷச்செடி என்று வேறு எல்லோரும் சொல்கிறார்கள். பேசாமல் தூக்கிப் போட்டுவிடட்டுமா?"

இதில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. கொடி என் கையால் செத்துப்போய்விட்டதா என்பது ஒன்று. இந்தச் செடியும் என் பிள்ளையும் ஒரே வீட்டில் இருக்கலாமா என்பது மற்றொன்று. இரண்டாவதுதான் பெரிய கேள்வி. ஆனால் முதலாவதற்கு நேரம் குறைவு, அதனால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன்: தண்ணீர் ஊற்றுவதை இன்றே நிறுத்துங்கள். தை மாதத்தில் கொடி காய்ந்தது உங்கள் தப்பு இல்லை. அது இந்தச் செடியின் இயல்பு. அதற்குப் பிறகு ஒரு மாதமாக ஊற்றிய தண்ணீர்தான் கவலை தருகிறது.

நான் தோட்டக்கலை படித்தவன். மூலனூர், தாராபுரம் பக்கத்துக் கண்வலிக்கிழங்கு வயல்களில் (செங்காந்தளுக்கு அங்கே அதுதான் பெயர்) நான்கு பருவம் வேலை பார்த்துவிட்டு, பிறகு சொந்தமாக நாற்றங்கால் வைத்தேன். நடுவில் ஐந்து வருடம் தவிர, பத்தொன்பது வருடமாக இந்தக் கொடியை என் வீட்டு வேலியிலும் வளர்க்கிறேன். வயலில் கற்றது ஒன்று, வீட்டில் கற்றது வேறொன்று. எது எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லிக்கொண்டே போகிறேன். நான் மருத்துவன் இல்லை என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன், நஞ்சு பற்றிய பகுதியை அந்த நினைவோடு படியுங்கள்.

செங்காந்தள் ஆண்டு முழுக்கப் பச்சையாக இருக்கும் கொடி கிடையாது. மல்லிகையையும் முல்லையையும் பார்த்துப் பழகிய நமக்கு இது புரியக் கொஞ்சம் நாளாகும். ஆனி, ஆடியில் மண்ணுக்கடியில் இருக்கும் கிழங்கிலிருந்து ஒன்றிரண்டு தண்டு எழும். மளமளவென்று ஏறும். நட்டு இரண்டு மாதம், இரண்டரை மாதத்தில் மொட்டு வைக்கும். ஐப்பசி, கார்த்திகையில் பூத்துக் குலுங்கும். கார்த்திகைப்பூ என்ற பெயரே அதனால்தான். காய் முற்றியதும் இலை மஞ்சளாகி, தண்டு வைக்கோல்போல ஆகி விழுந்துவிடும். பிறகு நான்கைந்து மாதம் மண்ணுக்கு மேலே ஒன்றுமே இருக்காது. வேலியோரத்தில் தானாக முளைத்துக் கிடக்கும் கொடிக்கும் இதே கதைதான். அதற்கு யாரும் தண்ணீர் ஊற்றுவதில்லை, அடுத்த மழைக்கு அது தானாக எழுந்து வருகிறது.

அந்த நான்கைந்து மாதம் கிழங்கு உறங்குகிறது. உறங்கும் கிழங்குக்கு வேர் வேலை செய்யாது, இலையும் கிடையாது. ஊற்றுகிற தண்ணீரை அது குடிப்பதில்லை. தண்ணீர் மண்ணிலேயே நிற்கும், நிற்கிற ஈரத்தில் பூஞ்சை வரும், கிழங்கு அழுகும். என்னிடம் "செங்காந்தள் ஒரு வருடம்தான் பூத்தது, அப்புறம் வரவே இல்லை" என்று வந்தவர்களில் பெரும்பாலானவர்கள், அது காய்ந்த பிறகு பதறிப்போய்த் தண்ணீர் ஊற்றியவர்கள். பாசத்தால் செய்கிற காரியம்தான். ஆனால் மற்ற செடியைக் காப்பாற்றும் அதே கை இந்தச் செடியைக் கொன்றுவிடுகிறது.

உங்கள் கிழங்கு உயிரோடு இருக்கிறதா என்பதை இங்கிருந்து என்னால் சொல்ல முடியாது. நீங்களே பார்த்துவிடலாம். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். கொத்து, கரண்டி எதுவும் வேண்டாம். பையைப் பக்கவாட்டில் சாய்த்து மண்ணைக் கையால் உதிர்த்து எடுங்கள். கிழங்கு விரலளவு பருமனில், கவட்டை மாதிரி இரண்டு கையோடு இருக்கும். ஏர்க்கலப்பையை நினைவுபடுத்தும் வடிவம். கலப்பைக்கிழங்கு என்று நம்மவர்கள் அழைப்பது அதைப் பார்த்துத்தான். இரண்டு விரலால் மெல்ல அழுத்துங்கள். பச்சை உருளைக்கிழங்குபோல் கெட்டியாக இருந்தால் உயிரோடு இருக்கிறது. விரல் அமுங்கி, நீர் கசிந்து, நாற்றம் வந்தால் போய்விட்டது.

ஒரு விஷயத்தில் ஏமாந்துவிடாதீர்கள். கிழங்கோடு ஒட்டிக்கொண்டு காகிதம்போல் சுருங்கிய, உள்ளே ஒன்றுமில்லாத ஒரு தோல் இருக்கும். அதைக் கையில் எடுத்ததும் "ஐயோ, வற்றிப்போச்சே" என்று மொத்தத்தையும் குப்பையில் போட்டவர்கள் உண்டு. அது நீங்கள் போன ஆடியில் நட்ட தாய்க்கிழங்கு. இந்தச் செடி ஒவ்வொரு பருவத்திலும் பழைய கிழங்கை முழுதாகச் செலவழித்துவிட்டு அதன் பக்கத்திலேயே புதுக் கிழங்கைக் கட்டிவைக்கும். அந்தக் காகிதத் தோலுக்குப் பக்கத்தில் மண்ணை இன்னும் கொஞ்சம் விலக்கினால், இளமஞ்சள் நிறத்தில் புதுக்கிழங்கு இருக்கும். அதுதான் வரப்போகும் ஐப்பசியின் பூ.

அந்தக் கவட்டையின் ஒவ்வொரு கையின் நுனியிலும் ஒரு முளைக்கண் உண்டு. ஒரே ஒன்றுதான். உருளைக்கிழங்கில் உடம்பெல்லாம் கண் இருக்கிற மாதிரி இதில் கிடையாது. நுனி முறிந்துவிட்டால் அந்தக் கை அந்த வருடம் முளைக்காது. வயலில் கிழங்கு எடுக்கும் பெண்கள் ஒவ்வொன்றையும் முட்டை எடுப்பதுபோல் எடுப்பார்கள். நான் சேர்ந்த புதிதில் இரண்டு கிழங்கை ஒரே கையில் அள்ளியதற்கு ஒரு மூத்த அம்மா கடிந்துகொண்டார். "மூக்கு ஒடைஞ்சா மூச்சு போச்சு சாமி" என்றார். அதற்கப்புறம் இன்றுவரை நான் ஒவ்வொன்றாகத்தான் எடுக்கிறேன்.

கெட்டியாக இருக்கும் கிழங்கை ஒரு நாள் நிழலில் உலர்த்தி, காய்ந்த மணல் நிரப்பிய மண்சட்டியில் புதைத்து, மழைச்சாரல் படாத இடத்தில் வைத்துவிடலாம். எடுக்க மனமில்லையென்றால் பையிலேயே விட்டுவிடலாம், தண்ணீர் மட்டும் கூடாது. கோடைமழை இரண்டு தடவை பெய்தால் பயப்பட வேண்டாம். வடிகால் சரியாக இருந்தால் அது ஒன்றும் செய்யாது.

வைகாசி கடைசியிலோ ஆனியிலோ முளைக்கண் சற்றுப் பருத்து வெளிச்சமாகத் தெரியும். அப்போது நடுங்கள். வீட்டுக்குக் குறைந்தது ஓரடி ஆழமுள்ள பை அல்லது தொட்டி வேண்டும். கிழங்கு கீழ்நோக்கியே புதுக்கிழங்கைக் கட்டும் என்பதால் ஆழமில்லாத தொட்டியில் வருடா வருடம் கிழங்கு சிறுத்துக்கொண்டே போகும். மண் செம்மண்ணாக இருந்தால் நல்லது. இரண்டு பங்கு செம்மண், ஒரு பங்கு ஆற்றுமணல், ஒரு பங்கு நன்றாக மக்கிய தொழுஉரம் என்பது நான் இத்தனை வருடமாகக் கைவிடாத கலவை. மாடித்தோட்டத்துக்காரர்கள் எடை குறையட்டும் என்று பாதிக்குப் பாதி தென்னைநார்க்கழிவு போடுவார்கள். கீரைக்கும் கத்தரிக்கும் அது சரி. இந்தக் கொடிக்கு வேண்டாம். ஐப்பசி மழையில் நார்க்கழிவு பஞ்சுபோல் நீரைப் பிடித்துக்கொள்ளும், செடி பூக்கிற நேரத்தில் அடியில் கிழங்கு ஊறிப்போகும். மண்ணின் கார அமிலத் தன்மை (pH) 6 முதல் 7 வரை இருக்கலாம் என்பது வயலில் பின்பற்றும் அளவு. வீட்டில் அதை அளந்துகொண்டிருக்கத் தேவையில்லை.

கிழங்கைப் படுக்கவைத்து நட வேண்டும். முளைக்கண் உடையாமல், நான்கு விரல் ஆழத்தில். நிற்கவைத்து நட்டாலும் முளைக்கும் என்பார்கள், முளைக்கத்தான் செய்கிறது. ஆனால் படுக்கவைத்ததில்தான் அடுத்த கிழங்கு நேராகக் கட்டியதை நான் பார்த்திருக்கிறேன். நட்டதும் ஒரு தடவை நன்றாக நனையத் தண்ணீர் விட்டு, பிறகு முளை தெரியும்வரை மண் காய்ந்தால் மட்டும் விடுங்கள். சில கிழங்கு இரண்டு வாரத்தில் எட்டிப்பார்க்கும், சிலது ஒன்றரை மாதம் எடுத்துக்கொள்ளும். ஒரே நாளில், ஒரே மண்ணில் நட்டவற்றிலேயே இந்த வித்தியாசம் வரும். பொறுமை இல்லாமல் தோண்டிப் பார்த்தால் முளை முறியும்.

வயலில் 50, 60 கிராம் எடையுள்ள கிழங்கைத்தான் நடுவார்கள். அதைவிடச் சிறியது முளைக்கும், ஏறும், ஆனால் அந்த வருடம் பூக்காமல் போகலாம். உங்கள் புதுக்கிழங்கு சுண்டுவிரலளவு இருந்தால் இந்த ஐப்பசியில் பூவை எதிர்பார்க்காதீர்கள். அடுத்த ஐப்பசிக்குள் அது தேறிவிடும். விதையிலிருந்து வளர்த்தால் இன்னும் நீண்ட காத்திருப்பு, பூ பார்க்க மூன்று, நான்கு வருடம் ஆகும்.

இப்போது கொம்பு நடும் விஷயம். பலருக்கும் இதில்தான் தடுமாற்றம். செங்காந்தளுக்குத் தனியாகப் பற்றுக்கம்பி கிடையாது. இலையின் நுனியே நீண்டு, மெலிந்து, சுருண்டு பற்றிக்கொள்ளும். ஒரு நாள் காலையில் கொடியின் பக்கத்தில் உட்கார்ந்து ஒரே ஓர் இலையைக் கவனியுங்கள். நுனி முதலில் நேராக நீட்டிக்கொண்டு நிற்கும். அதன்மேல் ஒரு நூல் படும்படி வைத்துவிட்டு மாலையில் போய்ப் பாருங்கள், கொக்கிபோல் வளைந்திருக்கும். மறுநாள் ஒரு சுற்று சுற்றியிருக்கும். அந்த இலைநுனி சுற்றக்கூடியது மெல்லிய பொருளை மட்டும்தான். பென்சிலைவிடத் தடித்த மூங்கிலை நட்டுவைத்தால் அதால் பிடிக்க முடியாது, கொடி சரிந்து விழும். சணல்கயிறு, மெல்லிய விளார், கொஞ்சம் அகலக் கண்ணுள்ள வலை, இவை போதும். கொங்குப் பக்கத்து வயல்களில் கிளுவை, விராலி போன்ற செடிகளின்மேல் ஏற்றிவிடுவார்கள். உயிருள்ள குச்சிகளின் நுனிக்கிளைகள் இந்த இலைக்கென்றே அளவெடுத்ததுபோல் இருக்கும். வீட்டில் ஒரு செம்பருத்திச் செடி இருந்தால் அதன் பக்கத்திலேயே பையை வைத்துவிடுங்கள், வேறு பந்தல் தேவையில்லை.

தண்டின் நுனி ரொம்ப நொறுங்கும் தன்மை உள்ளது. கிளை பிரிவதற்கு முன்னால் அது ஒடிந்தால் அந்த வருடத்துப் பூ அநேகமாகப் போய்விட்டது என்று வைத்துக்கொள்ளலாம். எனவே கயிற்றை முளை வருவதற்கு முன்பே கட்டிவிடுங்கள். கொடியை வளைத்துக் கட்டிப் பழக்க முயலாதீர்கள், அது தானாகப் போய்ப் பிடித்துக்கொள்ளும்.

வெயில் அரைநாளாவது வேண்டும். அடிப்பகுதி நிழலாகவும் தலை வெயிலாகவும் இருந்தால் இன்னும் நல்லது, வேலியில் அது அப்படித்தான் வளர்கிறது. வளர்கிற காலத்தில் வாரம் இரண்டு, மூன்று முறை தண்ணீர். வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் பையின் அடியில் இரண்டு செங்கல் வைத்துத் தூக்கிவிடுங்கள். மொட்டு வைக்கும் சமயத்தில் ஒரு பிடி மண்புழு உரமும் கொஞ்சம் அடுப்புச் சாம்பலும் போதும். யூரியா வேண்டாம், இலைதான் பெருகும்.

நோய், பூச்சியில் வீட்டுக்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை இரண்டு. முதலாவது லில்லிப் புழு. கறுப்பு உடம்பில் வெள்ளையும் சிவப்புமாகப் புள்ளி வைத்த அழகான புழு, இரண்டே நாளில் கொடியை மொட்டையாக்கிவிடும். பத்துப் பதினைந்து கொடிவரை கையுறையோடு பொறுக்கி எடுப்பதுதான் சிறந்த வழி. வேப்பெண்ணெயை லிட்டருக்கு 5 மில்லி, கொஞ்சம் சோப்புக்கரைசலோடு கலந்து மாலையில் தெளித்தால் குஞ்சுப்புழுக்கள் குறையும். பெரிய புழுவை அது நிறுத்தும் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது, என் தோட்டத்தில் பாதித் தடவைதான் நின்றது. இரண்டாவது, அடைமழையில் வரும் இலைக்கருகல். பழுப்பு வட்டங்கள் பெருகி இலை கருகும். காற்றோட்டம் இருந்தால் குறைவு. பாதித்த இலையைக் கிள்ளி அப்புறப்படுத்துங்கள். கிழங்கு அழுகலுக்கு நடும்போதே டிரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூஞ்சையைத் தொழுஉரத்தில் கலந்து போடுவது நல்ல பழக்கம். வந்த பிறகு காப்பாற்றுவது கடினம்.

பூவைப் பற்றிச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. மொட்டு பச்சையாகத் தலைகுனிந்து தொங்கும். விரிய ஆரம்பித்ததும் ஆறு இதழும் பின்பக்கமாக மடங்கி மேலே எழும்பும், ஓரமெல்லாம் நெளிநெளியாக. முதல் நாள் பச்சை கலந்த மஞ்சள். பிறகு நுனியிலிருந்து சிவப்பு இறங்கும், மேலே தீ, அடியில் மஞ்சள். நாலைந்து நாள் கழித்து முழுதும் செந்நிறம். ஒரே கொடியில் மூன்று பருவத்துப் பூவும் ஒன்றாக நிற்கும்போது மூன்று வேறு செடி என்று நினைக்கத் தோன்றும். கபிலர் குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்களை அடுக்கும்போது முதலில் வைத்தது இந்த ஒண்செங்காந்தளைத்தான். காந்தள், தோன்றி, கோடல் என்று சங்கப் பாடல்களில் வருபவை எல்லாம் ஒரே செடியா வேறு வேறா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு, அதற்குள் நான் போகவில்லை. தமிழ்நாட்டின் மாநில மலர் இது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஜிம்பாப்வேயின் தேசிய மலரும் இதுதான். ஆப்பிரிக்காவிலும் தெற்கு ஆசியாவிலும் இது தானாக வளரும் மண் உண்டு.

அந்தப் பூவுக்குள் இன்னொன்றைப் பாருங்கள். சூல்தண்டு பூவின் நடுவிலிருந்து நேராக வராமல், அடியிலேயே செங்குத்தாக மடங்கி ஒரு பக்கமாக வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். தன் மகரந்தம் தன் சூல்முடியில் எளிதில் விழாதபடி விலகி நிற்கிறது. வண்ணத்துப்பூச்சியோ தேன்சிட்டோ வந்து போனால்தான் காய். வயல்களில் அதை நம்பியிருக்க முடியாது என்பதால் காலை வேளையில் ஆட்கள் வரிசையாகப் போய் ஒரு பூவின் மகரந்தத்தை மற்றதன் சூல்முடியில் தொட்டுவிட்டு வருவார்கள். மூலனூர், ஒட்டன்சத்திரம், வேதாரண்யம் பக்கம் அந்தப் பருவத்தில் போனால் பார்க்கலாம். அங்கே விவசாயிக்கு வருமானம் பூவில் இல்லை, விதையில்தான். உங்கள் வீட்டில் நீங்கள் அதைச் செய்ய வேண்டாம். ஏன் என்று இரண்டாவது கேள்வியில் சொல்கிறேன்.

இப்போது உங்கள் பையனைப் பற்றி.

எல்லோரும் விஷச்செடி என்று சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். அவர்கள் மிகைப்படுத்தவில்லை. இந்தச் செடியின் எல்லாப் பாகத்திலும் கோல்சிசின் என்ற நஞ்சு இருக்கிறது, கிழங்கிலும் விதையிலும் மிகுதி. கோல்சிசின் மருந்தும்கூட. யூரிக் அமிலம் சேர்ந்து வரும் மூட்டுவலிக்கு மிகச் சிறிய அளவில் மருத்துவர்கள் கொடுப்பார்கள். நம் வயல்களிலிருந்து விதை வெளிநாட்டு மருந்து நிறுவனங்களுக்குப் போவது அதற்காகத்தான். அது செல் பிரிவதைத் தடுக்கிறது. உடம்பில் எங்கெல்லாம் செல்கள் வேகமாகப் பிரிகின்றனவோ, அங்கேயெல்லாம் முதலில் அடிக்கும். குடல், எலும்பு மஜ்ஜை, முடியின் வேர்.

விழுங்கிய உடனே ஒன்றும் தெரியாமல் இருக்கலாம் என்பதுதான் இதில் கொடுமை. சில மணி நேரம் கழித்து வாந்தி, வயிற்றுவலி, தண்ணீராகப் பேதி. பிறகு ஒன்றிரண்டு நாளில் உள்ளுறுப்புகள் பாதிக்கப்படலாம். பிழைத்தவர்களுக்கு இரண்டு வாரத்தில் முடி கொத்தாகக் கொட்டுவதும் உண்டு. இதை முறிக்கும் தனி மாற்றுமருந்து நம் மருத்துவமனைகளில் கிடையாது, அறிகுறிகளைப் பார்த்து உடம்பைத் தாங்கிப் பிடிக்கும் சிகிச்சைதான். எனவே குழந்தை வாயில் வைத்ததாகச் சந்தேகம் வந்தாலே, நன்றாக விளையாடிக்கொண்டிருந்தாலும், 108-ஐ அழையுங்கள் அல்லது நேராகப் பெரிய மருத்துவமனைக்குப் போங்கள். உப்புத்தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்கவைக்க வேண்டாம். செடியில் ஒரு துண்டைப் பையில் போட்டு எடுத்துப்போய், செங்காந்தள், கோல்சிசின் என்று சொல்லுங்கள். அந்த இரண்டு சொல் மருத்துவருக்கு நேரத்தை மிச்சப்படுத்தும்.

வேகவைத்தால் விஷம் போய்விடும் என்று சிலர் நம்புகிறார்கள். போகாது. இலங்கையில் இந்தக் கிழங்கை வற்றாளங்கிழங்கு (சர்க்கரைவள்ளிக்கிழங்கு) என்று நினைத்து அவித்துச் சாப்பிட்டு இறந்தவர்கள் உண்டு. சித்த மருத்துவத்தில் கலப்பைக்கிழங்குக்கு இடம் உண்டு என்பது உண்மை. அதைச் சுத்திசெய்யும் முறை தெரிந்த மருத்துவரின் கையில் இருக்க வேண்டிய பொருள் அது, நம் அம்மிக்கல்லில் அல்ல. பூவை உற்றுப் பார்த்தால் கண் வலிக்கும், அதனால்தான் கண்வலிப்பூ என்ற பெயர் என்பார்கள். பத்தொன்பது வருடமாகப் பார்க்கிறேன், பார்த்ததால் எனக்கு எதுவும் வலித்ததில்லை. வேலியில் இருந்தால் பாம்பு வராது என்பதும் வெறும் பேச்சு. ஆனால் கிழங்கை வெட்டும்போது சாறு பட்டுச் சிலருக்குத் தோல் அரிப்பதைப் பார்த்திருக்கிறேன். கையுறையை நான் திரும்பத் திரும்பச் சொல்வது அதனால்தான்.

என் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். அப்போது என் மகளுக்கு இரண்டரை வயது. தை மாதம், வேலியிலிருந்து எடுத்த கிழங்குகளைக் கழுவி ஒரு முறத்தில் போட்டுச் சமையலறைச் சன்னலோரம் உலரவைத்துவிட்டு நாற்றங்காலுக்குப் போய்விட்டேன். மத்தியானம் வந்தபோது என் அம்மா அரிவாள்மணைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் முறம். ஒரு கிழங்கின் தோல் பாதி சீவியிருந்தது. "இது என்ன கெழங்குடா, இவ்வளவு ஒல்லியா இருக்கு, கொழம்புக்கு ஆகுமா?" என்று கேட்டார். பேத்தி மடியில் சாய்ந்து சீவிய தோலை வைத்து விளையாடிக்கொண்டிருந்தாள். நான் முறத்தைப் பிடுங்கியதையும், குழந்தையின் வாயை விரலால் துழாவியதையும், இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு ஓடியதையும் இப்போது நினைத்தாலும் கை நடுங்குகிறது. யாரும் வாயில் வைக்கவில்லை. அன்று சாயங்காலமே அத்தனை கிழங்கையும் என் மாமனார் ஊருக்குக் கொடுத்தனுப்பினேன். அங்கே கிளுவை வேலியில் ஐந்து வருடம் பூத்தது. மகள் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கி, "இதைத் தொடக்கூடாது" என்றால் ஏன் என்று கேட்டுப் புரிந்துகொள்ளும் வயது வந்த பிறகுதான் நான்கு கிழங்கைத் திரும்பக் கொண்டுவந்தேன்.

எனவே என் பதில் இது. மூன்று வயதுப் பிள்ளை போகவர இருக்கும் மாடியில் இந்தக் கொடி வேண்டாம். தூக்கியும் போட வேண்டாம். குப்பையில் போட்டால் அதை வேறொரு குழந்தையோ மாடோ எடுக்கலாம். சின்னப் பிள்ளைகள் இல்லாத, விஷயம் தெரிந்த ஒருவரிடம் மூன்று, நான்கு வருடத்துக்குக் கொடுத்துவையுங்கள். கிழங்கு வருடா வருடம் பெருகும், கேட்டு வாங்கிக்கொள்ளலாம். மாடிக்கதவு எப்போதும் பூட்டியே இருக்கும், பையன் துணையில்லாமல் ஏறவே மாட்டான் என்றால் சிலர் வைத்துக்கொள்ளலாம் என்பார்கள். அது உங்கள் வீட்டை அறிந்தவர் எடுக்க வேண்டிய முடிவு, நான் எடுக்க மாட்டேன். அப்படி வைத்துக்கொண்டால், காய் பிடித்ததும் பச்சையிலேயே கிள்ளி எடுத்துவிடுங்கள். முற்றிய காய் மூன்றாக வெடித்து உள்ளே ஆரஞ்சுச் சிவப்பில் மணிமணியாக விதை நிற்கும். மிட்டாய்போல இருக்கும். குழந்தையின் கண்ணுக்கு அதைவிடப் பெரிய அழைப்பு வேறு இல்லை. கைமகரந்தச் சேர்க்கை வேண்டாம் என்று முன்னால் சொன்னது இதனால்தான். நாய் வளர்ப்பவர்களுக்கும் இதே எச்சரிக்கை, மண்ணைத் தோண்டும் நாய்க்குக் கிழங்கு எளிதில் எட்டும்.

அதுவரை அந்தக் கயிற்றில் எதை ஏற்றுவது என்றால், முல்லை வையுங்கள். அதுவும் இந்த மண்ணின் கொடிதான், பிள்ளை பறித்தாலும் பயமில்லை. இடம் பெரிதாக இருந்தால் குருக்கத்தி. மாதவிக்கொடி என்றும் சொல்வார்கள். ஆனால் அது தண்டு பருத்துப் பெருங்கொடியாகிவிடும், மாடிப் பைக்கு ஒத்துவராது.

இன்னும் இரண்டு சொல்லிவிடுகிறேன், உங்களுக்கில்லாவிட்டாலும் படிக்கிற மற்றவர்களுக்கு ஆகும். கிழங்கு வேண்டும் என்று காட்டிலோ வேலியோரத்திலோ தோண்டாதீர்கள். மருந்து வியாபாரத்துக்காகத் தோண்டித் தோண்டியே பல இடங்களில் இது அரிதாகிவிட்டது. பயிர்செய்கிற விவசாயிகளிடம் வாங்குங்கள், அவர்களுக்கும் ஒரு வருமானம். ஆஸ்திரேலியாவில் இருக்கும் நம்மவர்கள் ஊர் நினைவாக இதை நட ஆசைப்படுவது எனக்குப் புரிகிறது. ஈழத்திலிருந்து போனவர்களுக்கு இந்தப் பூ வெறும் பூ இல்லை என்பதும் தெரியும். ஆனால் குயின்ஸ்லாந்து, நியூ சவுத் வேல்ஸ் கடற்கரை மணல்மேடுகளில் இது களையாகப் பரவி அங்கே உள்ள செடிகளை நெருக்கிக்கொண்டிருக்கிறது. நடுவதற்கு முன்னால் உங்கள் பகுதி விதியைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

உங்களுக்கு இந்த வாரம் இருக்கிற வேலை ஒன்றே. தண்ணீரை நிறுத்தி, மூன்று நாள் மண்ணைக் காயவிட்டு, பையன் தூங்கும் நேரமாகப் பார்த்துக் கிழங்கை எடுங்கள். அழுத்திப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் மணல்சட்டியில் போட்டு, மேலே பெரிதாக "விஷக்கிழங்கு" என்று எழுதி ஒட்டி, சமையலறைக்கு வெகுதூரத்தில், கை எட்டாத உயரத்தில் வையுங்கள். ஆனி பிறப்பதற்குள் அதை வளர்க்கப்போகிறவர் வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுங்கள். ஒரு முனை மட்டும் மெத்தென்று இருந்து மற்ற கை கெட்டியாக இருந்தால், அழுகிய பகுதியைச் சுத்தமான கத்தியால் வெட்டியெடுத்து, வெட்டிய இடத்தில் சாம்பல் தடவி இரண்டு நாள் உலரவிட்ட பிறகு மணலில் வையுங்கள். அந்தக் கத்தியைச் சமையலறைக்குத் திரும்பக் கொண்டுபோக வேண்டாம்.